ஆரியுஸ் தகராறைக் குழம்பாமல் படிப்பது எப்படி

"325இல் நிசேயாவில் சங்கம் கூடியது. இயேசு கடவுளே இல்லை என்று ஆரியுஸ் என்ற பாதிரியார் சொன்னார், ஆயர்கள் அவரை விரட்டிவிட்டு விசுவாசப் பிரமாணத்தை எழுதினார்கள், பிரச்சினை முடிந்தது." ஞாயிறு பள்ளியிலும் மறைக்கல்வி வகுப்பிலும் பெரும்பாலும் நாம் கேட்டது இதுதான். இதில் வருஷமும் ஊரும் சரி. மற்றதெல்லாம் அரைகுறை. இயேசு கடவுளே இல்லை என்று ஆரியுஸ் சொல்லவில்லை, குமாரனான இயேசு பிதாவைப் போலவே ஆரம்பமில்லாதவரா என்பதுதான் தகராறு. இன்று கோவிலில் நாம் சொல்லும் பிரமாணம் (விசுவாச அறிக்கை) அப்படியே 325இல் எழுதியதும் இல்லை, பிரச்சினையோ அங்கே தொடங்கி இன்னும் 56 வருஷம் இழுத்தது.

நிசேயாவின் 1700ஆம் ஆண்டு 2025இல் வந்தபோது இதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தவர்கள் நிறைய. பாதியில் மூடி வைத்தவர்களும் அதே அளவு இருப்பார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இருபதாம் பக்கத்துக்குள் முப்பது பெயர், பத்து சங்கம், வாயில் நுழையாத நாலு கிரேக்கச் சொல் வந்து நிற்கும். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். கிறிஸ்தவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும். பைபிள் ஒன்று, ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை, இவ்வளவு போதும்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் சிலர் இந்தக் கூட்டத்தாரை 'ஆரியர்கள்' என்று எழுதிவிடுகிறார்கள், படிக்கிறவர் உடனே வேறு ஒரு பெரிய சண்டைக்குப் போய்விடுகிறார். அந்த ஆரியருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆரியுஸ் என்பது ஒரு மனிதரின் பெயர், எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பவுக்காலிஸ் என்ற பகுதிக் கோவிலின் குரு. நோட்டில் எழுதும்போது 'ஆரியுஸ் தரப்பு' என்றே எழுதுங்கள்.

வசனங்களிலிருந்து ஆரம்பியுங்கள்

வருஷத்தையும் பெயரையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் ஆரியுஸ் தரப்பு காட்டிய வசனங்கள்: "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" (யோவான் 14:28), "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" குமாரனும் அறியார் என்கிற மாற்கு 13:32, "சர்வசிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்" (கொலோசெயர் 1:15). வலது பக்கம் எதிர்த் தரப்பு காட்டியவை: "அந்த வார்த்தை தேவனாயிருந்தது" (யோவான் 1:1), "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" (யோவான் 10:30), எபிரெயர் 1:3. இரண்டு தரப்பும் ஒரே பைபிளை வைத்துக்கொண்டுதான் மோதினார்கள். எந்தத் தரப்பும் எதிர்ப்பக்க வசனங்களை ஒதுக்கிவிடவில்லை, இதற்கு இதுதான் அர்த்தம் என்று விளக்கத்தான் பார்த்தார்கள். இதைக் கையால் எழுதிப் பார்த்தால்தான், ஆரியுஸ் எங்கிருந்தோ ஒரு புதுக்கதையைக் கொண்டுவந்தார் என்கிற எண்ணம் போகும்.

அப்புறம் நீதிமொழிகள் 8:22. இதற்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள், ஏனென்றால் நூற்றாண்டு முழுவதும் அதிகம் இழுபட்ட வசனம் இதுதான். பேசுவது ஞானம், அந்த ஞானம் கிறிஸ்துதான் என்பதில் இரண்டு தரப்புக்கும் சந்தேகமே இல்லை. பழைய மொழிபெயர்ப்பில் "கர்த்தர் தமது கிரியைகளுக்குமுன் பூர்வமுதல் என்னைத் தமது வழியின் ஆதியாகக் கொண்டிருந்தார்" என்று இருக்கும். கத்தோலிக்கர்களும் பயன்படுத்தும் திருவிவிலியத்தை எடுத்து அதே வசனத்தைப் பாருங்கள், "என்னைப் படைத்தார்" என்று இருக்கும். எபிரேயச் சொல்லை இரண்டு விதமாகவும் எடுக்க இடமிருக்கிறது. ஆனால் அலெக்சாந்திரியாவில் எல்லோர் கையிலும் இருந்தது கிரேக்க மொழிபெயர்ப்பு, அதில் 'படைத்தார்' என்றே இருந்தது. ஆரியுஸ் தரப்பு இதைக் காட்டி, 'பாருங்கள், ஞானமே தான் படைக்கப்பட்டதாகச் சொல்கிறது' என்றது. பின்னாளில் அலெக்சாந்திரியா ஆயராகி ஆரியுஸ் தரப்பை எதிர்த்த அத்தனாசியுஸ் இந்த ஒரு வசனத்துக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார், இது கிறிஸ்து எடுத்த மனித உடலைப் பற்றிச் சொன்னது என்பது அவர் வாதம். எனக்கு அந்தப் பதில் கொஞ்சம் இழுத்துக் கட்டியதாகத்தான் படுகிறது, ஆனால் அதைப் படித்தால் அவர்களுக்கு இந்த வசனம் எவ்வளவு தலைவலியாக இருந்தது என்பது புரியும்.

ஆரியுஸ் என்ன சொன்னார் என்பதை அவரிடமே கேளுங்கள்

இதுதான் பலர் தாண்டிப் போகும் படி. ஆரியுஸ் எழுதியதில் மிஞ்சியது கொஞ்சம்தான்: நிக்கோமேதியா ஆயர் யூசேபியுஸுக்கு ஒரு கடிதம், தன் ஆயர் அலெக்சாந்தருக்கு ஒரு கடிதம், பேரரசருக்குக் கொடுத்த ஒரு சின்ன விசுவாச அறிக்கை, 'தாலியா' என்ற செய்யுளின் துண்டுகள். எல்லாம் சேர்த்து ஒரே மாலையில் படித்துவிடலாம். மாலுமிகளும் மாவரைக்கிறவர்களும் பாடுவதற்காக அவர் பாட்டுக் கட்டினார் என்று பின்னாளில் வரலாறு எழுதிய பிலோஸ்தோர்கியுஸ் சொல்கிறார், ஆனால் அந்தப் பாட்டுகள் எதுவும் நமக்கு வந்து சேரவில்லை.

யூசேபியுஸுக்கு எழுதிய கடிதத்தில் அவர் புலம்புவது ரொம்ப எளிமையானது: குமாரனுக்கு ஆரம்பம் உண்டு, கடவுளுக்கு ஆரம்பம் இல்லை என்று சொன்னதற்காக எங்களைத் துன்புறுத்துகிறார்கள். அதே கடிதத்தில் குமாரனைக் 'கடவுள்' என்றும் 'மாறாதவர்' என்றும் சொல்கிறார். அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதத்தில் இன்னும் நுணுக்கம்: குமாரன் கடவுளின் நிறைவான படைப்பு, ஆனால் மற்றப் படைப்புகளில் ஒன்றைப் போல அல்ல. ஆக, அவர் இயேசுவைச் சாதாரண மனிதர் என்று சொல்லவே இல்லை. உலகம் உண்டாகும் முன்பே இருந்தவர், உலகத்தை உண்டாக்கியவர், வணக்கத்துக்குரியவர், இதெல்லாம் அவருக்கும் சம்மதம். ஒரே ஒரு இடத்தில்தான் கோடு கிழிக்கிறார். பிறப்பில்லாதவர் ஒருவர்தான் இருக்க முடியும், அவர் பிதா.

ஏன் இந்தப் பிடிவாதம்? அதே கடிதத்தில் அவர் வேண்டாம் என்று தள்ளும் பட்டியலைப் பாருங்கள், அதில் வரும் மூன்று பேரும் திருச்சபை ஏற்காத முந்தைய போதகர்கள். வாலந்தினுஸ் சொன்ன மாதிரி கடவுளிலிருந்து வழிந்து வந்தவர் அல்ல, மானி சொன்ன மாதிரி கடவுளின் பொருளில் ஒரு துண்டு அல்ல, சபெல்லியுஸ் சொன்ன மாதிரி பிதாவும் குமாரனும் ஒரே ஆள் அல்ல, விளக்கிலிருந்து ஏற்றிய விளக்கும் அல்ல. குமாரன் பிதாவின் உள்ளியல்பிலிருந்து வந்தார் என்றால் கடவுள் பங்கு போடக்கூடிய ஒரு பொருளாகிவிடுவார் என்று அவர் பயந்தார். அந்தக் காலத்து மெய்யியல் படித்தவருக்கு இது நியாயமான பயம்தான்.

ஆயர் அலெக்சாந்தரின் கவலை வேறு. கடவுள் எப்போதும் தந்தை என்றால் குமாரனும் எப்போதும் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் கடவுள் ஒருநாள் திடீரென்று தந்தையானார் என்று ஆகிவிடும். அத்தனாசியுஸ் இதை இன்னும் தூரம் கொண்டு போனார்: குமாரன் படைப்பு என்றால் நாம் அவர் பெயரால் ஞானஸ்நானம் பெறுவதும் அவரைத் தொழுவதும் படைப்பைத் தொழுவதாகிவிடும், ஒரு படைப்பு இன்னொரு படைப்பைக் கடவுளோடு எப்படிச் சேர்த்துவைக்கும்? இந்த இரண்டு பயங்களையும் எதிரெதிரே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்தச் சங்கத்தைப் படித்தாலும், இதில் எந்தப் பயம் பேசுகிறது என்று கேட்டால் பாதி புரிந்துவிடும்.

இங்கே ஒரு வாக்கியத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஆரியுஸ் தரப்பின் முழக்கமாக எல்லோரும் மேற்கோள் காட்டுவது "அவர் இல்லாதிருந்த ஒரு காலம் இருந்தது" என்பது. மூலக் கிரேக்கத்தில் 'காலம்' என்ற சொல்லே கிடையாது, 'அவர் இல்லாதிருந்தபோது ஒன்று இருந்தது' என்பதுபோல மொட்டையாக நிற்கும். காலமே குமாரன் வழியாக உண்டானது என்று நம்பியவர்கள் அவர்கள், அதனால் வேண்டுமென்றே அந்தச் சொல்லைத் தவிர்த்தார்கள். எதிர்த் தரப்பு விடவில்லை. காலம் இல்லையென்றால் அந்த 'போது' எதைக் குறிக்கிறது என்று கேட்டது. நல்ல கேள்விதான்.

325ஐ ஒரு கூட்டமாகப் பாருங்கள்

நிசேயா இன்றைய துருக்கியில் இஸ்னிக் என்ற ஊர், ஏரிக்கரையில் இருக்கிறது. 324இல் கிழக்கை ஆண்ட லிசீனியுஸைத் தோற்கடித்து அந்தப் பகுதியையும் கைப்பற்றிய ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், வந்து பார்த்தால் ஆயர்கள் ஆளுக்கொரு பக்கம் சண்டை. முதலில் அலெக்சாந்தருக்கும் ஆரியுஸுக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதி, கொர்தோவா ஆயர் ஓசியுஸ் கையில் கொடுத்தனுப்பினார். இவ்வளவு அற்பமான விஷயத்துக்கா சண்டை, சமாதானமாகப் போங்கள் என்பதுதான் அதன் சாரம். அது வேலைக்காகவில்லை. பிறகுதான் சங்கம்.

சங்கத்தைப் பற்றிப் படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எதுவும் மிஞ்சவில்லை. பிரமாணம், 20 சட்டங்கள், ஒரு சுற்றுக்கடிதம், பெயர்ப் பட்டியல்கள், இவைதான் கையில் இருக்கின்றன. உள்ளே யார் என்ன பேசினார்கள் என்று வசனத்தோடு விவரிக்கிற எதையும் சந்தேகத்தோடு படியுங்கள். புனித நிக்கோலாஸ் ஆரியுஸைக் கன்னத்தில் அறைந்தார் என்பது பல நூற்றாண்டு கழித்து வந்த கதை. பைபிளில் எந்தப் புத்தகங்கள் இருக்க வேண்டும் என்று அங்கே முடிவு செய்தார்கள் என்பதும் சும்மா. 318 ஆயர்கள் வந்தார்கள் என்பது ஆதியாகமம் 14:14இல் ஆபிரகாமோடு போன 318 ஆட்களின் எண்ணிக்கையை ஒட்டி நிலைத்த எண், அங்கே இருந்த செசரியா ஆயர் யூசேபியுஸ் (நிக்கோமேதியாக்காரர் அல்ல, இவர் வேறு) சொல்வது 250க்கு மேல் என்றுதான். இயேசு கடவுளா என்று ஓட்டெடுப்பு நடந்து சின்ன வித்தியாசத்தில் ஜெயித்தது என்று ஒரு கதை சுற்றுகிறதே, அதையும் தூக்கிப் போடுங்கள். கடைசிவரை கையெழுத்துப் போட மறுத்த ஆயர்கள் இரண்டே பேர், லிபியாப் பக்கத்து தெயோனாஸும் செக்குந்துஸும்.

அப்படியென்றால் எல்லோருக்கும் சம்மதமா? இல்லவே இல்லை. இதற்கு ஒரு நல்ல சாட்சி செசரியா யூசேபியுஸ் தன் ஊர் மக்களுக்கு எழுதிய கடிதம். இந்தத் தகராறில் ஒரே ஒரு ஆவணம்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள் என்பேன். சில மாதங்களுக்கு முன்புதான் அந்தியோக்கியாவில் ஒரு சங்கம் அவரைத் தற்காலிகமாக விலக்கி வைத்திருந்தது, தலைக்கு மேல் கத்தியோடுதான் நிசேயாவுக்கு வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பும் முன் தன் மக்களுக்கு விளக்கம் அனுப்புகிறார்: 'ஒரே பொருளானவர்' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னவர் பேரரசரே, அது உடல்போலப் பிரிவதையோ வெட்டுப்படுவதையோ குறிக்காது என்றும் அவரே விளக்கினார், அந்த அர்த்தத்தில்தான் நானும் ஒப்புக்கொண்டேன். ஒவ்வொரு வரியிலும் நெளிகிறார். ஒரு சொல் எத்தனை பேருக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது என்று அதில் தெரியும்.

அந்தச் சொல் கிரேக்கத்தில் ஹோமோஊசியோஸ், 'பொருள்' என்பது இங்கே உள்ளியல்பைக் குறிக்கும். கத்தோலிக்கப் பூசையில் "தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று சொல்கிறோமே, அதேதான். அது பைபிளில் இல்லை. அதற்கு முன் அதைப் பயன்படுத்தியவர்களில் சந்தேகத்துக்குரிய ஆட்களும் உண்டு, அந்தியோக்கியா ஆயராயிருந்த சமோசத்தா பவுல் விவகாரத்தில் 268இல் அந்தியோக்கியாவில் ஆயர்கள் அந்தச் சொல்லைத் தள்ளினார்கள் என்பதை அத்தனாசியுஸே ஒத்துக்கொண்டு சமாதானம் சொல்கிறார். பிறகு ஏன் அதைப் பிடித்தார்கள்? பைபிள் சொல் எதை நீட்டினாலும் ஆரியுஸ் தரப்பு 'எங்களுக்கும் சம்மதம்' என்று தங்கள் அர்த்தத்தில் ஏற்றுக்கொண்டது. அவர்களால் விழுங்கவே முடியாத ஒரு சொல் தேவைப்பட்டது. பிரச்சினை என்னவென்றால், அது நடுவில் இருந்த பெரும்பான்மைக்கும் விழுங்கக் கஷ்டமாகிவிட்டது.

பெயர்க் குழப்பத்துக்கு ஒரு பக்கம்

இதைச் செய்யாமல் மேலே போகாதீர்கள். யூசேபியுஸ் இரண்டு பேர்: நிக்கோமேதியாக்காரர் அரண்மனை செல்வாக்குள்ள அரசியல்வாதி, செசரியாக்காரர் வரலாறு எழுதிய படிப்பாளி. பசிலியுஸும் இரண்டு: அன்கீரா பசிலியுஸ், செசரியா பசிலியுஸ், இரண்டாமவர்தான் 'பெரிய' பசிலியுஸ். அந்த செசரியா வேறு, யூசேபியுஸின் செசரியா வேறு, முன்னது கப்பதோக்கியாவில், பின்னது பாலஸ்தீனத்தில். வாலென்ஸ் என்று ஒரு பேரரசர், அதே பெயரில் முர்சா ஊர் ஆயர் ஒருவர். கிரகோரியாரும் இரண்டு, நாசியான்சு ஊர்க்காரர், நிசா ஊர்க்காரர். கான்ஸ்டன்டைனின் பிள்ளைகள் கான்ஸ்டன்டைன், கான்ஸ்டான்டியுஸ், கான்ஸ்டன்ஸ். அந்தக் குடும்பத்தில் பெயருக்குப் பஞ்சமோ என்னவோ.

ராஜா யார் என்று முதலில் பாருங்கள்

நோட்டில் குறுக்காக ஒரு கோடு போட்டு, மேலே பேரரசர்கள், கீழே சங்கங்கள். இதை முடித்தால் 325க்கும் 381க்கும் இடையில் நடந்தது தன்னால் விளங்கும். கான்ஸ்டன்டைனே சில வருஷத்தில் மனம் மாறினார். நாடுகடத்திய நிக்கோமேதியா யூசேபியுஸைத் திருப்பி அழைத்தார், ஆரியுஸையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். 335இல் தீருவில் கூடிய சங்கம் அத்தனாசியுஸைப் பதவி நீக்கியது, பேரரசர் அவரை ஜெர்மனிப் பக்கம் திரியர் ஊருக்கு அனுப்பினார். 336இல் ஆரியுஸ் கான்ஸ்டான்டிநோபிளில் இறந்தார். 337இல் சாகும் தறுவாயில் கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் யார் தெரியுமா? அதே நிக்கோமேதியா யூசேபியுஸ்.

அடுத்து கான்ஸ்டான்டியுஸ். கிழக்கை ஆண்டு, 353 முதல் முழுப் பேரரசுக்கும் ஒரே ராஜாவானார். அவருக்கு எல்லோரும் கையெழுத்துப் போடக்கூடிய பொதுவான ஒரு வாசகம் வேண்டும், ஹோமோஊசியோஸ் அதற்கு ஒத்துவராது. 357இல் சிர்மியத்தில் வந்த வாசகம், 'பொருள்' என்ற பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது என்றது. 359இல் மேற்கத்தியர்களை இத்தாலியில் அரிமினத்திலும் கிழக்கத்தியர்களை செலூக்கியாவிலும் ஒரே நேரத்தில் கூட்டினார்கள். அரிமினத்து ஆயர்களை வீட்டுக்கே விடாமல் இழுத்தடித்தார்கள், அவர்களுடைய தூதர்கள் திரேசில் நீக்கே என்ற ஊரில் வைத்து ஒரு வாசகத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். ஊர்ப் பெயர் நிசேயா போலக் காதில் விழுந்து ஜனங்கள் ஏமாறட்டும் என்றுதான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று 5ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சோக்ரடீஸ் (தத்துவஞானி அல்ல) எழுதுகிறார். உலகம் முழுவதும் முனகியது, தான் ஆரியுஸ் பக்கம் போய்விட்டதைக் கண்டு திகைத்தது என்று பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமுஸ் பின்னாளில் சொன்னது இந்த நேரத்தைத்தான்.

361இல் வந்த யூலியன் கிறிஸ்தவத்தையே விட்டவர், நாடுகடத்தப்பட்ட எல்லா ஆயர்களையும் திரும்பி வரலாம் என்றார். 364 முதல் 378 வரை கிழக்கில் வாலென்ஸ், அவர் நிசேயாவுக்கு எதிர்ப்பக்கம். அவர் ஆத்ரியநோபிளில் கோத்தியர் என்ற ஜெர்மானியக் கூட்டத்தாரோடு போரிட்டு மாண்டதும் வந்த தியோடோசியுஸ் நிசேயாக்காரர், 380 பிப்ரவரி 27இல் தெசலோனிக்காவிலிருந்து நிசேயா விசுவாசத்துக்கு ஆதரவாக அரசாணை, 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம். எல்லாம் அரசியல்தான் என்று சொல்ல வரவில்லை. ராஜா மாறாமல் இருந்திருந்தால் வாதம் மட்டும் போட்டு யாரும் ஜெயித்திருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு, அதே சமயம் ராஜா ஆதரவு மட்டும் போதுமென்றால் 360லேயே இது முடிந்திருக்க வேண்டும்.

நாலு கட்சி, இரண்டல்ல

350களுக்கு வரும்போது 'நிசேயா தரப்பு, ஆரியுஸ் தரப்பு' என்ற பிரிவினை உதவாது. குமாரன் பிதாவோடு ஒரே பொருள் என்ற அத்தனாசியுஸ் தரப்பு. ஒத்த பொருள் என்ற அன்கீரா பசிலியுஸ் தரப்பு, இது ஹோமோயூசியோஸ், கிரேக்கத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். பொருளைப் பற்றிப் பேசாதே, 'ஒத்தவர்' என்று மட்டும் சொல் என்ற முர்சா வாலென்ஸ் தரப்பு, கான்ஸ்டான்டியுஸ் கடைசியில் நின்றது இங்கேதான். பிறப்பில்லாதவரும் பிறந்தவரும் பொருளில் வேறுதான் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்ன ஏத்தியுஸ், யூனோமியுஸ் தரப்பு. அத்தனாசியுஸ் கடைசி இரண்டையும் சேர்த்து, பல நேரம் இரண்டாவதையும் சேர்த்து, எல்லோருக்கும் ஆரியுஸ் பெயரையே ஒட்டினார். அவர்களுக்கு அது எரிச்சல். 341இலேயே அந்தியோக்கியாவில் கூடிய ஆயர்கள் எழுதினார்கள்: நாங்கள் ஆரியுஸின் சீடர்கள் அல்ல, ஆயர்களாகிய நாங்கள் ஒரு குருவின் பின்னால் எப்படிப் போவோம்? அந்தஸ்து பார்த்து வந்த கோபம் என்றாலும் அதில் உண்மை இருக்கிறது, ஆரியுஸை அப்போது யாரும் மேற்கோள் காட்டுவதே இல்லை.

இந்தப் படியில் தேட வேண்டிய திருப்பம், முதல் இரண்டு கட்சியும் எப்போது நெருங்கின என்பது. 359ஐ ஒட்டி அத்தனாசியுஸ் சங்கங்களைப் பற்றி எழுதிய நூலில், அன்கீரா பசிலியுஸ் போன்றவர்களை எதிரிகளாக நடத்தக் கூடாது, நாம் சொல்வதையே அவர்களும் சொல்கிறார்கள், சொல்லில்தான் தயக்கம், சகோதரர்களோடு பேசுவதுபோலப் பேசுகிறேன் என்கிறார். முப்பது வருஷம் சண்டை போட்ட மனிதர் இப்படி எழுதுவது சின்ன விஷயம் இல்லை. 362இல் அலெக்சாந்திரியாவில் சின்னதாக ஒரு சங்கம் கூட்டி, கடவுளில் 'மூன்று ஹிப்போஸ்டாசிஸ்' (தனி இருப்பு என்பதுபோல ஒரு கிரேக்கச் சொல்) என்பவர்களையும் 'ஒரு ஹிப்போஸ்டாசிஸ்' என்பவர்களையும் கூப்பிட்டு, நீங்கள் இதற்கு என்ன அர்த்தம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கேட்டால், இரண்டு பேர் நம்பிக்கையும் ஒன்றுதான்! 325 பிரமாணத்தின் கடைசியில் வரும் சாபப் பகுதியில் 'ஹிப்போஸ்டாசிஸ்' என்பதும் 'ஊசியா' (பொருள்) என்பதும் ஒரே அர்த்தத்தில் வருகின்றன, அதனால்தான் இத்தனை வருஷக் குழப்பம். பொருளுக்கு ஊசியா, ஆளுக்கு ஹிப்போஸ்டாசிஸ் என்று பிரித்து நிலைநிறுத்தியது பசிலியுஸும் இரண்டு கிரகோரியாரும்.

அத்தனாசியுஸைப் படிக்கும்போது

அவர் எழுத்தில்லாமல் இந்த வரலாறே இல்லை. ஆரியுஸின் தாலியா துண்டுகளும் பெரும்பாலும் அவர் மறுப்பதற்காக மேற்கோள் காட்டியதால்தான் நம் கையில் இருக்கின்றன. 328 முதல் 373 வரை ஆயர், அதில் ஐந்து முறை வெளியேற்றம், மொத்தம் சுமார் 17 வருஷம் ஊருக்கு வெளியே. 356 பிப்ரவரியில் ஓர் இரவு, அலெக்சாந்திரியாவின் தெயோனாஸ் கோவிலில் ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே படை உள்ளே புகுந்தது, அவர் எப்படியோ தப்பி அடுத்த ஆறு வருஷம் பாலைவனத் துறவிகளிடையே மறைந்து வாழ்ந்தபடியே எழுதினார். இப்படிப்பட்டவர் எழுத்தில் நிதானத்தை எதிர்பார்க்க முடியாது.

அர்சேனியுஸ் கதையை இதற்காகவே படியுங்கள். எகிப்தில் அத்தனாசியுஸை ஏற்காமல் தனியாகப் பிரிந்து நின்ற மெலித்தியுஸ் பிரிவினைக்காரர்கள், அத்தனாசியுஸ் அர்சேனியுஸ் என்ற ஆயரைக் கொன்று, மந்திரத்துக்காக அவர் கையை வெட்டிக்கொண்டார் என்று குற்றம்சாட்டி, ஒரு கையையும் காட்டினார்கள். அர்சேனியுஸ் உயிரோடு ஒளிந்திருந்தார், அத்தனாசியுஸின் ஆட்கள் அவரைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். சோக்ரடீஸ் சொல்கிறபடி, தீரு சங்கத்தில் அத்தனாசியுஸ் அவரை மேலங்கி போர்த்திக் கூட்டிவந்து, இவரைத் தெரியுமா என்று கேட்டு, அங்கியை ஒதுக்கி ஒரு கையைக் காட்டினார், சற்று நிறுத்தி மறு கையையும் காட்டினார், மூன்றாவது கை எங்கிருந்து வெட்டப்பட்டது என்று குற்றம்சாட்டியவர்களே சொல்லட்டும் என்றார். அற்புதமான காட்சி, ஆனால் அத்தனாசியுஸே எழுதும்போது இவ்வளவு நாடகம் இல்லை. கதை கைமாறக் கைமாற வளர்ந்திருக்கிறது.

இதைப் படித்து அவர் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள் என்றால், 1924இல் வெளியான ஒரு பாப்பிரஸ் கடிதத்தையும் பாருங்கள், லண்டனில் 1914 என்ற எண்ணில் இருப்பது. 335ஐ ஒட்டி ஒரு மெலித்தியுஸ் தரப்பு ஆள் எழுதியது. அத்தனாசியுஸின் ஆட்கள் தங்கள் ஆட்களை அடித்து உதைத்ததாக அதில் இருக்கிறது. பிரசாரத்துக்காக எழுதியது அல்ல, தங்களுக்குள் எழுதிக்கொண்ட சாதாரணக் கடிதம், அதனால் தள்ளுவது கஷ்டம். ஆரியுஸின் சாவைப் பற்றியும் இப்படியே: பொதுக் கழிப்பறையில் வயிறு வெடித்துச் செத்தார் என்ற விவரிப்பு அத்தனாசியுஸின் கடிதம் வழியாக வருகிறது, யூதாஸின் சாவை ஞாபகப்படுத்தும்படியே எழுதியிருக்கிறார். இறந்தார் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை ஓரமாக வையுங்கள். எதிர்த் தரப்பு வரலாறு ஒன்றும் உண்டு, பிலோஸ்தோர்கியுஸ் எழுதியது, முழு நூல் போய்விட்டது, 9ஆம் நூற்றாண்டில் போத்தியுஸ் திட்டிக்கொண்டே எழுதிவைத்த சுருக்கம்தான் மிச்சம். திட்டுகளைத் தள்ளிவிட்டுப் படித்தால் உருப்படியான தகவல்கள் கிடைக்கும்.

இரண்டு பிரமாணங்களையும் பக்கத்தில் வைத்து

325 வாசகத்தையும் இன்று சொல்வதையும் வரிவரியாக ஒப்பிடுங்கள், அரை மணி நேர வேலை. 325இல் 'அதாவது பிதாவின் பொருளிலிருந்து' என்று ஒரு விளக்கம் இருந்தது, இப்போது இல்லை. 'அவருடைய அரசுக்கு முடிவிராது' என்பது பிறகு வந்தது, குமாரனின் ஆட்சி ஒருநாள் முடியும் என்பதுபோலப் பேசிய அன்கீரா மார்செல்லுஸுக்குப் பதில். மார்செல்லுஸ் நிசேயா தரப்பு ஆள் என்பது வேடிக்கை. பரிசுத்த ஆவியைப் பற்றி 325இல் 'பரிசுத்த ஆவியையும்' என்பதோடு சரி, மீதியெல்லாம் 381. கடைசியில் 325இல் சாபங்கள் இருந்தன: அவர் இல்லாதிருந்தபோது ஒன்று இருந்தது என்போர், இல்லாமையிலிருந்து வந்தார் என்போர், மாறக்கூடியவர் என்போர், இவர்களைத் திருச்சபை சபிக்கிறது என்று. அதுவும் இப்போது இல்லை. நாம் சொல்லும் வாசகம் 381 சங்கத்துடையது என்று முதலில் ஆவணத்தில் வருவது 451இல், கால்செதோன் சங்கத்தில் அதை வாசித்தபோது.

வகுப்பெடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி உதாரணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரே பொருள் மூன்று வேஷம் போடுகிறது என்பது சபெல்லியுஸ் சொன்னதற்குத்தான் பக்கத்தில் வரும், ஆரியுஸும் அத்தனாசியுஸும் ஒத்துப்போய் எதிர்க்கக்கூடிய ஒன்று உண்டென்றால் அதுதான். உதாரணம் கட்டாயம் வேண்டுமென்றால் பிரமாணத்திலேயே இருக்கிற 'ஒளியினின்று ஒளி' போதும். வகுப்பை நிசா கிரகோரியாரின் வரிகளோடு தொடங்கினால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். 380களின் கான்ஸ்டான்டிநோபிளைப் பற்றி அலுத்துக்கொள்கிறார்: சில்லறை கேட்டால் பிறந்தவர், பிறவாதவர் என்று தத்துவம் பேசுகிறான், ரொட்டி என்ன விலை என்றால் பிதா பெரியவர், குமாரன் கீழ்ப்பட்டவர் என்கிறான், குளிக்கத் தண்ணீர் தயாரா என்றால் குமாரன் இல்லாமையிலிருந்து வந்தார் என்கிறான்.

381ஓடு நோட்டை மூடிவிடாமல் இன்னும் ஒரு பக்கம் எழுதுங்கள். 'ஒத்தவர்' கட்சி பேரரசுக்கு வெளியே கோத்தியரிடம் உயிரோடு இருந்தது. அவர்களுக்குப் பைபிளை மொழிபெயர்த்த உல்பிலா அந்தக் கட்சி, அவர்கள் வழியாக இன்னொரு ஜெர்மானியக் கூட்டமான வண்டலரும் அதே வழி. இத்தாலியில் ரவென்னா போனால் அவர்களுடைய ஞானஸ்நான மண்டபம் இன்றும் நிற்கிறது, கொஞ்ச தூரத்தில் நிசேயா தரப்பின் மண்டபம், இரண்டின் கூரையிலும் யோர்தானில் கிறிஸ்து நிற்கும் காட்சி ஏறக்குறைய ஒரே மாதிரி. ஸ்பெயினில் விசிகோத்திய அரசர் ரெக்கரேது 589இல் தொலேதோ சங்கத்தில் முறைப்படி நிசேயா விசுவாசத்தை அறிக்கையிட்டார். அதற்கு அப்புறம் 431 எபேசு, 451 கால்செதோன் என்று போகிறவர்கள் புது நோட்டு எடுங்கள், அங்கே குமாரன் கடவுளா என்பது கேள்வியே இல்லை, கடவுளும் மனிதருமாக ஒரே ஆளாக எப்படி இருக்கிறார் என்பதுதான் சண்டை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் எபேசு சங்கம் கண்டித்த நெஸ்தோரியுஸையும் ஆரியுஸையும் கட்டாயம் கலந்துவிடுவீர்கள்.